ஈக்வடாரில் போர் யார் மீது?

2024 டிசம்பர் 8. ஈக்வடாரின் துறைமுக நகரமான குவாயாகிலில், லாஸ் மால்வினாஸ் என்ற ஏழைக் குடியிருப்பைச் சேர்ந்த நான்கு சிறுவர்கள் கால்பந்து விளையாடப் போயிருந்தார்கள். வயது 11, 14, 15, 15. ஆப்பிரிக்க வம்சாவளிக் கறுப்பினப் பிள்ளைகள். விமானப்படைச் சிப்பாய்கள் அவர்களைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டௌரா பகுதியில் எரிந்த நிலையில் கிடைத்த உடல்கள் அவர்களுடையவைதான் என்று டிசம்பர் 31 அன்று மரபணுச் சோதனை உறுதிசெய்தது. திருட்டுச் சந்தேகத்தில் பிடித்தோம், உயிரோடுதான் விட்டோம் என்பது ராணுவத் தரப்பு சொன்ன கதை.

பிள்ளைகள் செத்த பிறகும் அவர்கள் திருடர்களா இல்லையா என்றுதான் விவாதம் நடந்தது. இந்தக் குரலை நாம் அறியாதவர்களா, தோழர்களே?

ஈக்வடாரில் வன்முறை கற்பனை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். 2019 வரை லத்தீன் அமெரிக்காவில் ஓரளவு அமைதியான நாடு அது. கொலம்பியாவுக்கும் பெருவுக்கும் நடுவில் இருப்பதாலும், புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர் என்பதாலும், குவாயாகிலில் இருந்து ஐரோப்பாவுக்கு வாழைப்பழப் பெட்டகங்கள் ஓயாமல் போவதாலும் கொக்கைன் கடத்தலுக்கு வாகான இடமாகிவிட்டது. 2023இல் ஏறத்தாழ 8,000 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் அதிபர் வேட்பாளர் பெர்னாண்டோ வில்லாவிசென்சியோ பிரச்சாரக் கூட்டத்தில் இருந்து வெளியே வரும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் முகமூடி அணிந்த கும்பல் தொலைக்காட்சி நிலையத்துக்குள் புகுந்து நேரலையிலேயே துப்பாக்கி நீட்டியது. அன்றே அதிபர் டேனியல் நொபோவா "உள்நாட்டு ஆயுத மோதல்" என்று அறிவித்து 22 கும்பல்களைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தார். தெருவும் சிறையும் ராணுவத்தின் கைக்குப் போயின.

கொலைகள் 2024இல் கொஞ்சம் குறைந்தன. 2025இல் முந்தைய எல்லா ஆண்டுகளையும் தாண்டிவிட்டன. கடத்தல் பணம் புரளும் வங்கியிலும் துறைமுகத்திலும் இந்தப் போர் நடந்ததாகத் தெரியவில்லை. நடந்தது லாஸ் மால்வினாஸ் போன்ற இடங்களில். ராணுவம் பிடித்துப்போய்க் காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் ஆவணப்படுத்தியிருக்கிறது.

நொபோவா யார்? நாட்டின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவரான வாழைப்பழ ஏற்றுமதி முதலாளி ஆல்வரோ நொபோவாவின் மகன். அப்பா ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். மகன் முதல் முறையே, 35 வயதில் ஜெயித்தார். 2024இல் சர்வதேச நாணய நிதியத்துடன் 400 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் போட்டார். மதிப்புக் கூட்டு வரி 12இல் இருந்து 15 சதவீதமாக ஏறியது, காரணம் பாதுகாப்புச் செலவு என்றார்கள். அதே ஆண்டு வறட்சியில் நீர்மின் நிலையங்கள் படுத்துவிட, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரை மின்வெட்டு.

2025 செப்டம்பரில் டீசல் மானியம் ரத்து. கேலன் 1.80 டாலரில் இருந்து ஒரே இரவில் 2.80 டாலர். மலைக் கிராமத்தில் உருளைக்கிழங்கு விளைவித்துச் சந்தைக்கு லாரியில் அனுப்புகிறவருக்கு இது என்ன கணக்கு என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பழங்குடிகளின் கூட்டமைப்பான கொனாயே நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தது. ஒரு மாதம் நீடித்தது. கோட்டகாச்சியில் கிச்சுவா சமூகத்தவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். கீழே விழுந்து கிடந்தவரையும், அவரைத் தூக்க நின்றவரையும் சிப்பாய்கள் உதைக்கும் காணொளி வெளியானது. ஒட்டவாலோ காவல் நிலையத் தாக்குதலில் கைதானவர்கள் மீது பயங்கரவாத வழக்கு. பழங்குடித் தலைவர்களின் வங்கிக் கணக்குகள் முடக்கம். கோட்டோபாக்சி மாகாணத்தில் பழங்குடிகள் நடத்தும் தொலைக்காட்சியின் ஒளிபரப்பு நிறுத்தம். கும்பல்களுக்காக எடுத்த "பயங்கரவாதி" என்ற சொல் யார்மீது போய் உட்கார்ந்தது, பாருங்கள்.

இந்த மக்களின் வரலாறு தெரியாமல் இதைப் படித்தால் ஏதோ பெட்ரோல் விலைப் போராட்டம் என்றுதான் தோன்றும். 1964 வரை அங்கே வாசிபுங்கோ என்றொரு முறை இருந்தது. பண்ணையாரின் நிலத்தில் ஒரு துண்டைப் பயிரிட்டுக்கொள்ளலாம், அதற்குப் பதிலாகக் குடும்பமே பண்ணையில் உழைக்க வேண்டும். பண்ணையடிமை என்றே சொல்லலாம். கயாம்பே பகுதியில் அப்படி ஒரு குடும்பத்தில் பிறந்த டோலோரஸ் ககுவாங்கோ 1940களில் கிச்சுவா மொழியில் பள்ளிகள் தொடங்கினார். 1963இல் வந்த ராணுவ ஆட்சி அவற்றை மூடியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1970களின் இறுதியில்தான். பள்ளியையும் மூடிவிட்டு, படிக்கவில்லை என்று ஓட்டையும் மறுப்பது! அங்கிருந்து எழுந்து 1990இல் நாட்டையே நிறுத்தி, 2008 அரசியல் சட்டத்தில் "பல்தேசிய அரசு" என்று எழுத வைத்தவர்கள் இவர்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த இடதுசாரி அதிபர் ரஃபேல் கொரேயாவே பிறகு சுரங்கத்தை எதிர்த்த பழங்குடித் தலைவர்கள் மீது வழக்குப் போட்டார் என்பதையும் மறக்கக் கூடாது. இடது ஆட்சி என்றால் தானாக நமக்கு ஆதரவு என்று நினைக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்கலாம்.

அந்த அரசியல் சட்டத்தைத்தான் நொபோவா மாற்ற நினைத்தார். 2025 நவம்பர் 16இல் பொதுவாக்கெடுப்பு. அந்நிய ராணுவத் தளங்களை அனுமதிக்கலாமா, புதிய அரசியல் சட்ட அவை அமைக்கலாமா என்பவை உட்பட நான்கு கேள்விகள். நான்குக்கும் மக்கள் "இல்லை" என்றார்கள். ஏப்ரலில் 55 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்து நொபோவாவை மீண்டும் அதிபராக்கிய அதே மக்கள்! இதில் முரண் ஏதும் இல்லை என்றே நாம் கருதுகிறோம். பிள்ளை வீட்டுக்குத் திரும்புவானா என்ற பயத்தில் கண்டிப்பான ஆளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் உரிமைகளை எழுதி வைத்திருக்கும் ஆவணத்தையே கொடு என்று கேட்டால் தர மறுக்கிறார்கள். பயத்தைப் புரிந்துகொள்ளாமல் "மக்கள் ஏமாந்துவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் களத்தில் அது உதவாது.

லாஸ் மால்வினாஸ் குடும்பங்களும் கறுப்பின அமைப்புகளும் விடவில்லை. 2025 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சிப்பாய்கள் 11 பேருக்கு 34 ஆண்டு 8 மாதம் சிறை. விசாரணைக்கு ஒத்துழைத்த ஐந்து பேருக்கு 30 மாதம். விசாரிக்கப்பட்ட உயரதிகாரி ஒருவர் விடுவிக்கப்பட்டார்.