அப்டேட்டை நிறுத்திவிட்டு ஆன்டிவைரஸ் வாங்குகிறவர்கள்

போன வாரம் என் மைத்துனர், கல்லூரிக்குப் போகும் மகளுக்கு லேப்டாப் வாங்கிக்கொண்டு, காட்டிவிட்டுப் போகலாமென்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பில்லில் லேப்டாப்புக்குக் கீழே ஆன்டிவைரஸுக்கென்று தனியாக ஒரு வரி. மூன்று வருடத்துக்கு. "கடைக்காரர் எல்லாத்தையும் ரெடி பண்ணியே குடுத்துட்டார், மச்சான். ஆன்டிவைரஸ் ஏத்திட்டார். விண்டோஸ் அப்டேட்டை ஆஃப் பண்ணிட்டார். அது ஓடுச்சுன்னா சிஸ்டம் ஸ்லோ ஆயிடுமாம், நெட்டும் தீந்துடுமாம். இனிமே வைரஸ் பயமே இல்ல" என்றார், பேரத்தில் ஜெயித்தவரின் முகத்தோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பெண் எதிரே உட்கார்ந்திருந்ததால் காபியோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் நுழைந்த வீடுகளிலெல்லாம் கூடவே நுழைந்துவிட்ட நம்பிக்கை இது: ஆன்டிவைரஸ் போட்டாச்சு, ஆகவே பத்திரம். பிள்ளைக்குத் தடுப்பூசி வேண்டாமென்று சொல்லி இடுப்பில் தாயத்துக் கட்டியவர்களைப் பார்த்துச் சிரித்த அதே படித்த கூட்டம்தான், இன்று அப்டேட்டை நிறுத்திவிட்டு ஆன்டிவைரஸ் கட்டிக்கொண்டு அலைகிறது. தாயத்தாவது ஒரு தடவை கட்டினால் போதும். இதற்குச் சந்தா முடியும்போதெல்லாம் புதுப்பிப்புக் கட்டணம் வேறு.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் கிளம்பியது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டது. திறக்க வேண்டுமா, 300 டாலரை பிட்காயினில் கட்டு. மூன்று நாள் தாண்டினால் 600. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாயின. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள், கேரளப் பஞ்சாயத்து அலுவலகங்கள், திருப்பதி தேவஸ்தானத்தின் சில அலுவலகக் கணினிகள் என்று நம் பக்கத்திலும் திரை சிவந்தது. ஏழுமலையான் ஆபீஸையே விட்டுவைக்காத ஒன்று, பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் ஏற்றிய ஆன்டிவைரஸைக் கண்டு மிரண்டு ஓடுமென்று என் மைத்துனர் நம்புகிறார்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரு தேதியை. வான்னாக்ரை புகுந்த ஓட்டை, விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அதைத் தெரிந்துகொண்டு, உரியவரிடம் சொல்லாமல், வேவு பார்க்கும் ஆயுதமாகப் பதுக்கி வைத்திருந்தது. அந்த ஆயுதத்தை ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல் 2017 ஏப்ரலில் ஊரறியக் கொட்டியது. ஆனால் அதற்கும் ஒரு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று, ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுவிட்டது. இலவசமாக. மார்ச் 14க்கும் மே 12க்கும் நடுவே ஏறத்தாழ இரண்டு மாதம் கிடந்தது. இந்த இரண்டு மாதத்தில் 'அப்டேட் ஓடினால் ஸ்லோ ஆயிடும்' என்று உலகெங்கும் எத்தனை கடைக்காரர்கள் சொல்லியிருப்பார்களோ.

வான்னாக்ரை யாருக்கும் ஆசை காட்டி மெயில் அனுப்பிக் காத்திருக்கவில்லை. எதையும் யாரும் சொடுக்கத் தேவையிருக்கவில்லை. அப்டேட் போடாத ஒரு கணினி அகப்பட்டதும், அங்கிருந்து அப்டேட் போடாத அடுத்த கணினியைத் தானே தேடிப் போனது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்கு மார்ச் 14 அன்றே மருந்து வந்தாயிற்று. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் அந்த ஆண்டு அக்டோபரில் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள்: விழுந்த மருத்துவமனை நிர்வாகங்கள் அத்தனையிலும் இருந்தது அப்டேட் போடாத விண்டோஸ், அல்லது ஆதரவு முடிந்துபோன விண்டோஸ்.

அடிபட்ட பிறகாவது புத்தி வந்ததா? ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற அடுத்த தாக்குதல் வந்தது. அதே ஓட்டையையும் ஒரு வழியாக வைத்துக்கொண்டு பரவியது. மார்ச் 14 போய் மூன்று மாதத்துக்கு மேலாகியும், உலகமே அலறி ஒரு மாதத்துக்கு மேலாகியும், ஓட்டை பல இடங்களில் அப்படியே திறந்து கிடந்தது. மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையம் வரை வேலை நின்றது. 2008இல் கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு வந்தபோதும் இதே கதைதான்: அக்டோபரில் அப்டேட், நவம்பரில் புழு.

ஸ்லோ ஆகும் என்கிறார்களே, மார்ச் 14 அப்டேட்டைப் போட்டவர்களின் கணினி கொஞ்சம் ஸ்லோவாகியே இருக்கட்டும். போடாதவர்களின் கணினி நின்றே போனது. நெட் தீர்ந்துவிடும் என்பது அதைவிட வேடிக்கை. வீட்டில் மூன்று செல்போனில் ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் ஓடும். நெட்டைத் தின்கிற குற்றவாளி மட்டும் விண்டோஸ் அப்டேட்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாததல்ல. திருட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த காலத்தில் அப்டேட் ஓடினால் 'இது அசல் இல்லை' என்று திரை கறுத்துவிடும். வாடிக்கையாளர் கடை வாசலில் வந்து நிற்பார். அதற்காகக் கடைக்காரர்கள் முதல் வேலையாக அதை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய அசல் விண்டோஸுக்கும் இன்றைக்கு அதே வைத்தியம் நடக்கிறது. நோய் போய்விட்டது, பத்தியம் மட்டும் தொடர்கிறது.

திருட்டு என்றதும், காசு கட்டாமல் மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக் ஞாபகம் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு போட்டோஷாப் வேண்டும், வீடியோ எடிட்டிங் வேண்டும், காசுதான் கொடுக்கக் கூடாது. கிராக் கோப்போடு ஒரு குறிப்பும் வரும்: நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைக்கவும். அணைக்கிறார்கள்! மூன்று வருடச் சந்தா கட்டிய அதே கையால். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் குடும்பம் 2018 வாக்கிலிருந்து வீட்டுக் கணினிகளாகப் பார்த்துப் பூட்டியது. அது பெரும்பாலும் வந்த வழி இந்தக் கிராக்கும், போலிச் சாவி எண் தரும் கீஜென்னும்தான். கல்யாண ஆல்பம், பிள்ளையின் முதல் பிறந்தநாள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் பூட்டிக்கொண்ட பிறகு 'ஆன்டிவைரஸ் இருந்துதே சார்' என்று வருகிறார்கள். இருந்தது. நீங்கள்தான் அதைத் தூங்கச் சொன்னீர்கள்.

காசு கொடுத்து வாங்கும் இந்தக் காவலர்களின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்கஃபி வெளியிட்ட ஒரு வைரஸ் பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் உயிர்நாடியான ஒரு கோப்பையே வைரஸ் என்று முடிவுகட்டிப் பிடித்து அடைத்தது. கணினிகள் எழுந்திருக்க முடியாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. அவாஸ்ட், தன்னை நம்பி நிறுவியவர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியே விற்றது. விஷயம் வெளியே வந்து 2020இல் ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. உளவு பார்க்கும் மென்பொருளிடமிருந்து காப்பாற்றத்தான் அதை ஏற்றினோம் என்பது ஞாபகமிருக்கட்டும்.

இத்தனைக்கும் விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. தனியாகச் சல்லிக்காசு வேண்டாம். வேறொன்றை ஏற்றினால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், அவ்வளவு சாது. ஆக, என் மைத்துனர் காசு கொடுத்து இலவசத்தை ஒதுக்கியிருக்கிறார்.

'என் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு, எவன் வரப்போறான்?' என்று கேட்கும் இன்னொரு கட்சி உண்டு. இவர்களோடு வாதாடுவதே வீண். பேங்க், மெயில், ரயில் டிக்கெட் அத்தனை பாஸ்வேர்டையும் பிரவுசரில் சேமித்துவிட்டு, 'என்ன இருக்கு' என்கிறார்கள். அந்தப் பாஸ்வேர்டுகளை அள்ளுவதற்கென்றே இருந்த லும்மா என்ற மென்பொருள், 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அவை அத்தனையும் அம்பானி வீட்டுக் கணினிகளா?

வைரஸை நாமே வீட்டுக்கு அழைத்து வரும் இன்னொரு வழியும் உண்டு. ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவ் கொண்டுபோய் ஷார்ட்கட் வைரஸோடு திரும்பாதவர்கள் நம் ஊரில் குறைவு. போல்டர்கள் அழிவதில்லை, மறைந்துகொண்டு, அவற்றின் பெயரில் போலி ஷார்ட்கட் நிற்கும். பார்த்தவுடன் பதறி அதையே இரண்டு தட்டு தட்டி வீட்டுக் கணினிக்குள் அழைத்துக்கொள்கிறோம். பிரிண்ட் எடுக்க வேண்டியதை மெயிலில் அனுப்பினால் தீர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் ஒன்றும் மகான் இல்லை. மக்கள் அப்டேட்டை வெறுப்பதில் அதற்கும் பங்குண்டு. அவசரமாக ஒரு விண்ணப்பம் அனுப்பும் நேரத்தில்தான் 'அணைக்காதீர்கள்' என்று சுற்றிக்கொண்டிருக்கும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவை முடித்துக்கொண்டு, டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, பிராசசர் பழசு என்று காரணம் சொல்லி, நன்றாக ஓடும் கணினிகளை ஓரங்கட்டச் சொல்கிறது. அதைக் கண்டிக்க வேண்டும். கண்டித்துக்கொண்டே, வந்த அப்டேட்டைப் போட வேண்டும். புதிது வாங்க முடியாதவர்கள் அந்தக் கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம். பாடம் படிக்க, கடிதம் தட்டச்சு செய்ய, படம் பார்க்க அது தாராளம். கடைக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். கிராக் போட வழியில்லாத எதையும் அவர் கம்ப்யூட்டர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் வீட்டுக் கணினியில் அமைப்புகளைத் திறந்து விண்டோஸ் அப்டேட் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நிறுத்தியிருந்தால் ஓட விடுங்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, எடுத்தவுடன் கேபிளைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். திரையின் மூலையில் 'உங்கள் பாதுகாப்பு முடியப்போகிறது' என்று ஆன்டிவைரஸ் சந்தாப் பெட்டி எட்டிப் பார்த்தால் மூடிவிடுங்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் அந்த ஹார்ட் டிஸ்க்கே வந்துவிடும்.