இடாப்பும் இருமலும்

விழா மலரில் பழம்பெருமையை நினைதலும் வருங்காலத்துக்கு வேண்டுவன கூறுதலும் மரபு. அம்மரபை ஒட்டி, மாணவர் உடல்நலம் பற்றிய ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகின்றோம். பாடசாலையும் மாணவர் விடுதியும் பலர் கூடி ஒரே காற்றைச் சுவாசிக்கும் இடங்கள். தொற்றுநோய் அத்தகைய இடங்களில் பரவும் முறையை அறிந்தே விதிகள் வகுக்கப்படல் வேண்டும்.

முதலில் இல்லத்தை நோக்குவோம். சின்னமுத்துக் கண்ட ஒருவருடன் எதிர்ப்பாற்றல் இல்லாத பத்துப்பேர் உறைவாராயின், ஏறக்குறைய ஒன்பதின்மரை அது பற்றும். கொப்பளிப்பானும் அதனிற் பெரிதும் குறைந்ததன்று. கொப்பளிப்பான் கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகி, அயலார் வருகையைத் தவிர்த்த நம் முன்னோர் வழக்கம் அறிவுடையதே. ஆயினும் கொப்புளம் தோன்றுதற்கு ஓரிரு நாள் முன்னரே அந்நோய் பிறர்க்குத் தொற்றத் தொடங்கிவிடும். வேப்பிலை வாயிலுக்கு வருமுன் நோய் வகுப்பறைக்குச் சென்றுவிடுகின்றது!

காசநோயின் இயல்பு வேறு. நோயாளியை வீட்டினின்றும் அகற்றுதலே சுற்றத்தாரைக் காக்கும் வழியென நெடுங்காலம் கருதப்பட்டது. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றியது. நோயாளருட் சிலர் ஆரோக்கிய நிலையத்திலும் சிலர் தத்தம் நெருக்கமான வீடுகளிலும் ஓராண்டு மருந்துண்டனர். வீட்டில் இருந்தோரின் சுற்றத்தார்க்கு, மற்றையோரின் சுற்றத்தாரினும் மிகுதியாக நோய் உண்டாகவில்லை. தொற்று பெரும்பாலும் மருந்து தொடங்குமுன்னரே நிகழ்ந்துவிடுதலே காரணம். ஆதலின் அஞ்சத்தக்கது மருந்துண்ணும் நோயாளியன்று, கண்டறியப்படாத இருமலே.

இனி, உறவினரல்லாதார் கூடும் இடங்களைக் காண்போம். 1974இல் ஐக்கிய அமெரிக்காவின் றொச்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில், சின்னமுத்துக் கண்ட ஒரு பிள்ளையிடமிருந்து 14 வகுப்பறைகளைச் சேர்ந்த 28 பிள்ளைகளுக்கு நோய் பரவிற்று. ஒரே காற்றை மீண்டும் மீண்டும் எல்லா அறைகளுக்கும் செலுத்திய இயந்திரமே அதற்கு வழியாயிற்று. 2020 மார்ச் மாதத்தில் வாஷிங்ரன் மாநிலத்தில் 61 பேர் இரண்டரை மணி நேரம் கூடிப் பாடிப் பயின்றனர். அவருள் ஒருவர்க்குத் தடிமன் போன்ற குறிகள் இருந்தன. சில நாள்களில் ஏனையோருள் 52 பேர் கொரோனா நோய்க்கு ஆளாயினர், இருவர் இறந்தனர். அருகில் இருந்தவர் யார் என்பது மட்டுமன்று, மூடிய அறையா, எவ்வளவு நேரம், உரத்துப் பாடினரா என்பனவும் நோயின் போக்கை வகுக்கின்றன என்பது இவற்றாற் புலனாகும்.

இவை பிற நாட்டுச் செய்திகள் என்று வாளாவிருத்தல் தகாது. நம் நாட்டினின்றும் சின்னமுத்து ஒழிந்ததென 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டிற்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். ஒரு நாளும் தவறாது வந்த மாணவனுக்குப் பரிசளிக்கும் வழக்கம் நம் பாடசாலைகளில் உண்டு. ஊக்கத்தைப் போற்றும் நல்லெண்ணத்தில் எழுந்ததே அது. ஆயினும் காய்ச்சலோடு வந்து இடாப்பிற் பெயர் காக்கும் சிறுவன், தன் பரிசுக்காகத் தோழர் பலரைப் பாயிற் கிடத்துகின்றான். அப்பரிசைக் கைவிட்டு, நோயுற்று வீட்டில் தங்கியவனுக்குத் தவறிய பாடத்தைக் கற்பிக்க ஒழுங்கு செய்தலே முறையாகும். இரண்டாவது, விடுதியில் நோயுற்ற மாணவன் தனித்திருக்கத்தக்க, காற்றோட்டமுள்ள ஓர் அறை வேண்டும். மூன்றாவது, குளிரூட்டிய மண்டபங்களை அமைக்க விழையும் பழைய மாணவர், புதுக்காற்று உட்புகும் வழியையும் அமைத்தே கட்டுவித்தல் வேண்டும். அரைச்சுவரும் அகன்ற விறாந்தையும் உடைய பழைய வகுப்பறைகள் அழகிற் குறைந்தனவாயினும் இவ்வகையிற் சிறந்தனவே.

நோயுற்றவனைப் பழித்து ஒதுக்குமாறு யாம் கூறவில்லை. பழிக்கு அஞ்சுபவன் நோயை மறைப்பான். மறைந்த நோயே பரவும். நோயுற்றவன் அச்சமின்றி, “எனக்குச் சுகமில்லை” என்று ஆசிரியரிடம் உரைக்கக்கூடிய பாடசாலையே பாதுகாப்பான பாடசாலை. அத்தகையதாக நம் கல்லூரி விளங்குவதாக.