எழுதாத ஒப்பந்தமும் வராத பணமும்

வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை மறுப்பார் யாருமில்லை. ஆயினும், வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டு, பணத்துக்காக மாதக்கணக்கில் ஆபீஸ் படியேறி இறங்கும் ஒரு கூட்டம் இந்நாட்டில் இருக்கிறது. சிறு கட்டடக் காண்டிராக்டர்களே அவர்கள்.

காண்டிராக்டரின் தொல்லையைப் பற்றித் தொழிலாளர் பத்திரிகை ஏன் பேச வேண்டும் என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். காண்டிராக்டர் என்ற சொல்லே தோட்டத்தில் கசப்பான சொல்தான். ஆனால் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று வீடுகள் நிற்கின்றன. புத்ராஜெயா நகரமே பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழுந்ததுதான். தோட்டம் கைமாறியதும் லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் செங்கல் அடுக்கவும், சாயம் பூசவும், கால்வாய் வெட்டவும் போனார்கள். அவர்களில் சிலர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு சிறு காண்டிராக்டர் ஆனார்கள். அவருக்கு வர வேண்டிய பணம் நின்றால், முதலில் நிற்பது அந்தப் பத்துப் பேரின் சம்பளம்.

பணம் ஏன் நிற்கிறது? வீடமைப்பு நிறுவனம் பெரிய காண்டிராக்டருக்கு வேலையைக் கொடுக்கிறது. அவர் அதைத் துண்டு போட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறார். அவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். வேலை கீழே இறங்குகிற வேகத்தில் பணம் இறங்குவதில்லை. "எனக்கு மேலிருந்து வந்தால்தான் உனக்கு" என்று ஒவ்வொருவரும் கையை விரிக்கிறார்கள். கடைசிப் படியில் நிற்பவன் என்ன செய்வான்?

இந்த அநியாயத்துக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15இல் அமலுக்கு வந்த கட்டுமானத் தொழில் பணக்கொடுப்பு, நடுவர் தீர்ப்புச் சட்டமே அது. "மேலே வந்தால்தான் கீழே" என்ற நிபந்தனை அச்சட்டத்தின் 35ஆவது பிரிவின்படி செல்லாது. பணம் கேட்டு எழுத்தில் கோரிக்கை அனுப்பினால், எதிர்த்தரப்பு 10 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். பதில் இல்லையென்றால் முழுத் தொகையையும் மறுத்ததாகக் கருதி, விவகாரத்தை நடுவரிடம் கொண்டு போகலாம். இரு தரப்பு வாதங்களும் வந்து சேர்ந்தபின் 45 வேலை நாட்களுக்குள் நடுவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதை உயர் நீதிமன்றத்தின் வழி நிறைவேற்றிக்கொள்ளலாம். தோற்றவர் அப்போதும் கொடுக்க மறுத்தால், அவருக்கு மேலே உள்ளவரிடம் நேரடியாகக் கேட்கவும் வழி உண்டு. ஆனால் மேலே உள்ளவர் அவருக்குப் பணம் பாக்கி வைத்திருக்க வேண்டும்.

தீர்ப்புத் தொகை வராவிட்டால் 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை நிறுத்தவும் சட்டம் இடம் தருகிறது. தீர்ப்புக்கு முன்பே கோபத்தில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியேறினால் கதை வேறு. ஒப்பந்தத்தை மீறியவன் என்ற பழி, பணம் கேட்டவன் மீதே திரும்பக்கூடும்.

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் சிறு காண்டிராக்டர் ஏன் இன்னும் அலைகிறார்? இச்சட்டம் எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு மட்டுமே பொருந்தும். காப்பிக் கடையில் கை குலுக்கி எடுத்த வேலைக்கு இது துணை வராது. தனி மனிதர் தாம் முழுவதும் குடியிருக்கக் கட்டும், நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்கும் இது பொருந்தாது. அத்தகைய வழக்குகளுக்கு நீதிமன்றமே கதி. அங்கும் தீபகற்ப மலேசியாவில் ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டுக் கெடு உண்டு. நடுவருக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. சில ஆயிரம் வெள்ளிக்காக இன்னும் சில ஆயிரம் வெள்ளியைப் பணயம் வைக்க ஏழைக்குத் துணிவு வருமா? சிறு தொகை வழக்குகளுக்கு மலிவான, எளிய வழியை அரசாங்கம் வகுக்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம்.

காண்டிராக்டருக்கு ஒரு வார்த்தை. தம் பணம் வரவில்லை என்பது, தொழிலாளியின் சம்பளத்தை நிறுத்தி வைக்கச் சாக்காகாது. மேலே இருப்பவர் தமக்குச் செய்வதையே தாம் கீழே இருப்பவனுக்குச் செய்தால், இருவருக்கும் வேற்றுமை என்ன?

தொழிலாளிக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 33ஆவது பிரிவின்படி, சிறு காண்டிராக்டர் சம்பளம் தராவிட்டால் அவருக்கு மேலே உள்ள காண்டிராக்டரும் பொறுப்பாளி. வேலையைக் கொடுத்தவர் கட்டடக் காண்டிராக்டராகவோ வீடமைப்பு நிறுவனமாகவோ இருந்தால் அவரும் பொறுப்பாளியே. ஆனால் இப்படி மேலே உள்ளவர்களிடம் தொடர்ச்சியான மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்க முடியாது. சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய வேண்டும். "அடுத்த மாதம் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி அந்த 90 நாட்களை வீணாக்கியவர்கள் எத்தனையோ பேர்!

தோட்டத்துத் தோழர்களுக்கு ஏட்டின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது பிரட்டுக் களத்தில் நாம் கற்ற முதல் பாடம். அந்தப் பாடம் கட்டட வேலைக்கும் பொருந்தும். என்ன வேலை, என்ன விலை, எந்த நாளில் எவ்வளவு பணம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கூடுதல் வேலை சொன்னால் அதையும் எழுதி வாங்க வேண்டும். வேலைக்கு வந்தவர் பெயரையும் நாளையும் தினமும் குறித்து வைக்க வேண்டும்.

கிராணிமார்களுக்கு நம் வேண்டுகோள் இதுவே: தாள் எழுதுவதும் கணக்கு வைப்பதும் உங்கள் கைக்குப் பழகிய வேலை. உங்கள் தம்பியோ, மைத்துனரோ, பக்கத்து வீட்டுப் பையனோ நாளை ஒரு வேலையை ஏற்கப் போகும்போது, அரைமணி நேரம் உட்கார்ந்து அந்த ஒரு தாளை எழுதிக் கொடுங்கள். பத்துக் குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரியும்.