அளவெடுத்துத் தைத்த பயணம்

"உங்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது" என்று கூறி, லக்ஸம்பேர்க் பயண நிகழ்ச்சிநிரலொன்றை முகவர் ஒருவர் என்னிடம் நீட்டினார். அரை நாள், கோட்டை மதிலருகே ஒரு புகைப்படம், தனி வாகனத்துக்குத் தனிக் கட்டணம். யாருடைய அளவு இது?

2,586 சதுர கிலோமீற்றர் பரப்பே கொண்ட அந்நாட்டில், 2020 மார்ச் முதலாம் திகதி தொடக்கம் பஸ், ட்ராம், இரண்டாம் வகுப்பு ரயில் யாவும் வெளிநாட்டார் உட்பட எல்லோருக்கும் இலவசம். மலைமேல் நிற்கும் வியாண்டன் கோட்டைக்கோ, 1871இல் விக்டர் ஹியூகோ தங்கியிருந்த அவ்வூர் வீட்டுக்கோ, எக்டர்னாக் மடாலயத்துக்கோ போய்வர ஒரு சதமும் செலவில்லை. இதைச் சொன்னால் வாகனக் கட்டணம் பறிபோய்விடும். ஆகவே முகவர் வாய் திறப்பதில்லை.

மோசெல் நதிக்கரையிலுள்ள ஷெங்கன் கிராமமும் அந்த நிரலில் இல்லை. எல்லைச் சோதனைகளை அகற்றுவதென 1985 ஜூன் 14இல் ஐந்து நாடுகள் கையொப்பமிட்ட இடம் அது. இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருக்கும் நமக்கோ அந்தப் பெயரே ஒரு மதில். எங்கே தங்குவோம், என்று திரும்புவோம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் விசா. நினைத்தபடி அலையும் சுதந்திரம் நமக்கு இல்லை.

திட்டமிட்டே தீரவேண்டுமென்ற விதி நம்மீது சுமத்தப்பட்டிருக்கையில், கத்தரிக்கோலையும் பிறர் கையில் ஏன் கொடுக்கவேண்டும்?