ஓட்டையைச் சொன்னவன் திருடனா?

பூட்டு சரியில்லை என்று வந்து சொல்கிறவனையே திருடன் என்கிறார்கள். நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர், "எவன் வீட்டுப் பூட்டையோ இவன் ஏன் ஆட்டிப் பார்க்கணும்?" என்றுதான் கேட்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காகக் கட்டைவிரலை வைக்கிறோமே, அந்தச் சின்னப் பெட்டிக்குத் தானாக ஒன்றும் தெரியாது. அது ஆதார் கணினியைக் கேட்கிறது. பதில் ஓய்வூதியக் கணினிக்குப் போகிறது, அங்கிருந்து வங்கிக்கு. ஒரு வேலையைப் பல ஊர்க் கணினிகள் பங்கு போட்டுச் செய்கின்றன. ஒன்றையொன்று கேட்பதற்கென்று ஒவ்வொன்றும் ஒரு சன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ஏ.பி.ஐ. என்பது அந்தச் சன்னலின் பெயர். நாம் பார்க்கும் வெப்சைட் முன்வாசல் மட்டும்தான், அதற்குக் காவல் பலம். சன்னலிலோ, கேட்பது இன்னொரு கணினிதானே என்று, யார் கேட்கிறார், எத்தனை முறை கேட்கிறார் என்று பாராமல் பதில் கொடுத்துவிடுவது உண்டு. பக்கத்து செக்‌ஷனிலிருந்து வந்த ஃபைல் என்றால் யார் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள்? அதே கதைதான்.

சோதனை என்றால் வேறொன்றுமில்லை. அந்தச் சன்னலில் நின்று ஏடாகூடமாகக் கேட்டுப் பார்ப்பது. எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுப்பது, பெயர் இடத்தில் பத்துப் பக்கம் கொடுப்பது, அடுத்தவர் எண்ணைச் சொல்லி விவரம் கேட்பது, ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பது. மறுக்க வேண்டியதை மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2018 மார்ச்சில் டெல்லி ஆராய்ச்சியாளர் ஒருவர், பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் இப்படிப்பட்ட சன்னல் காவலே இல்லாமல் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆதார் எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் கேட்டால் பெயரும் வங்கி விவரமும் வந்தன. எத்தனை முறை கேட்டாலும் தடுப்பார் இல்லை. இசட்.டி.நெட் என்ற இணைய இதழ் ஒரு மாதத்துக்கு மேல் அதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்துவிட்டுத்தான் செய்தி போட்டது. செய்தி வந்த சில மணி நேரத்தில் சன்னலை மூடிவிட்டார்கள். ஆதார் ஆணையமோ அதில் உண்மையே இல்லை என்றது! அதற்கு இரண்டு மாதம் முன்னால், 500 ரூபாய்க்கு ஆதார் விவரம் கிடைக்கிறது என்று எழுதிய 'ட்ரிப்யூன்' பத்திரிகையின் நிருபர் பெயரும் போலீஸ் எஃப்.ஐ.ஆரில் ஏறியது. விற்றவன் ஒருபுறம் இருக்கட்டும், எழுதியவர் பெயர் எதற்கு அதில்?

அந்த வருடமே ஆதார் செயலியின் குறைகளை வரிசையாக வெளியிட்டவர் பிரெஞ்சுக்காரர். எலியட் ஆல்டர்சன் என்ற புனைபெயரில் எழுதியவர். அவர் பிரான்சில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நம் முத்தியால்பேட்டைப் பையன் சொல்லியிருந்தால்?

பிரான்ஸ் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதற்காக அவர்களுக்குக் கொடி பிடிக்கிற வழக்கம் எனக்கில்லை. கூகுளில் தேடியபோது கிடைத்த அரசு சுகாதார முகமையின் கோப்புகளை இறக்கிக்கொண்ட ஒருவருக்குப் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் 3,000 யூரோ அபராதம் போட்டது. ஆனால் 2016 அக்டோபரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 'பொன் ஃபுவா', அதாவது நல்லெண்ணத்தோடு, கணினிப் பாதுகாப்பு முகமையிடம் மட்டும் ஓட்டையைச் சொல்கிறவர் பெயரை முகமை ரகசியமாக வைக்க வேண்டும். அவரை அரசு வழக்கறிஞரிடம் காட்டிக்கொடுக்கும் கடமையும் அதற்கு இல்லை. முழு மன்னிப்பு அல்ல, ஆனாலும் எழுத்தில் இருக்கிறது. நம்மிடம் சொல்வதற்கு 'செர்ட்-இன்' என்ற அமைப்பு இருக்கிறது. சொன்னவனுக்கு அப்படிப்பட்ட சட்டக் காப்பு எங்கே?

"அனுமதி வாங்கிச் சோதிக்கலாமே?" என்பார்கள். அனுமதி பெற்ற ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். காட்டிய பீரோவைத்தான் அவர்கள் திறந்து பார்ப்பார்கள். கருவூலத்தில் முன்னறிவிப்போடு வந்து பணம் எண்ணியதற்கும், திடீரென்று வந்து எண்ணியதற்கும் உள்ள வித்தியாசம் நம்மில் பலருக்குத் தெரியும். திடீரென்று வந்த அதிகாரியை யாரும் போலீஸில் பிடித்துக் கொடுத்ததில்லை.

விவரங்களை அள்ளிக்கொண்டு போய் விற்கிறவனை உள்ளே போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு பதிவைப் பார்த்து, சன்னல் திறந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவனுக்கு ஒரு ரசீது கொடுங்கள், பெயரை வெளியே விடாதீர்கள், இத்தனை நாளில் மூடுவோம் என்று தேதி எழுதுங்கள். டப்பால் பதிவேட்டில் ஒரு வரி பதிய எவ்வளவு நேரம் ஆகும்?

பாஸ்வேர்டு திருட்டுப் போனால் வேறு வைத்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்கு மேல் தேய்ந்துபோன இந்த ரேகைக்கு மாற்று எந்தக் கவுண்டரில் கொடுப்பார்கள்?