பட்டாவில் பேரில்லாதவளின் நட்டம்

என் ஆயாவின் பெயர் எந்தப் பட்டாவிலும் இருந்ததில்லை. ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரை நிலத்தில் நாற்பது வருஷம் நாற்று நட்டாள், களை பறித்தாள், கதிர் அறுத்தாள். நிலம் முதலில் மாமனார் பெயரில் இருந்தது, பிறகு தாத்தா பெயருக்கு வந்தது, அதன்பின் மாமா பெயருக்கு மாறியது. டேனரிக் கழிவு இறங்கிக் கிணறு உப்புக் கரித்தபோது நட்டஈடு கேட்டு மனுவோடு போனாள். அங்கே அவளிடம் கேட்கப்பட்டது ஒன்றுதான்: "பட்டா யார் பேர்ல இருக்கு?"

அந்தக் கேள்வியோடுதான் என் சண்டை.

மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னது. அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001-இல் 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நிர்ணயித்தது. 1991 ஆகஸ்டிலிருந்து 1998 முடியும்வரை ஆன நட்டத்துக்கான தொகை அது. வகுத்துப் பாருங்கள்: ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட இல்லை, மாதத்துக்கு நூறு ரூபாய் சொச்சம். அதிலும் பாக்கி நின்றது. ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடிக்கச் சொல்லி 2025 ஜனவரி 30-இல் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

தொகை குறைவு, தாமதம் என்று எல்லோரும் பேசினார்கள். பேசவும் வேண்டும். ஆனால் கெட்டது நிலம் மட்டுமா? நடவு நின்றதால் போன கூலி யாருடையது? குடிதண்ணீருக்குக் குடத்தோடு நடந்த தூரம் யார் கால் நடந்தது? ஹெக்டேர் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. புயல், வெள்ள நிவாரணமும் அப்படித்தான். 33 சதவீதப் பயிர்ச் சேதம் இருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று 2024-இல் இருந்தது. சிட்டாவும் அடங்கலும் கொண்டு வா என்கிறார்கள். அறுக்க வேண்டிய கதிர் மூழ்கினால் அறுப்பவளுக்கு ஒரு பைசா இல்லை.

"குடும்பத்துக்குத்தானே கொடுக்கிறோம்" என்பார்கள். குடும்பம் என்பது யாருடைய வங்கிக் கணக்கு? "சொத்தில்தான் பங்கு உண்டே" என்பார்கள். 1989-இல் தமிழ்நாடு மகள்களுக்குப் பங்கு தந்தது. அதற்கு முன்பே கல்யாணமான என் அம்மா போன்றவர்களை அந்தச் சட்டம் விட்டுவிட்டது. பங்கு வந்தவர்களிடமும் அண்ணன் தம்பிகள் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார்கள்.

"தோல் தொழில்தானே பெண்களுக்குச் சோறு போடுகிறது" என்பது இன்னொரு வாதம். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக்கு இத்தனை என்று ஷூ மேல்பாகம் தைத்தாள். அது அவள் ஊசி பிடித்த கைக்கான கூலி. இழந்த தண்ணீருக்கான ஈடு எப்படி ஆகும்?

கூலிக்காரப் பெண்களின் பட்டியல் தங்களிடம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. நூறு நாள் வேலைக்கு அட்டையில் பேர் பேராக எழுதி, வருகை பதிந்து, வங்கிக் கணக்கில் கூலி போட்டது இதே அரசுதான். வேலை வாங்கும்போது தெரிந்த பெயர், நட்டஈடு கொடுக்கும்போது மறந்துபோகுமா?

நிலத்தை அளப்பதுபோல உழைப்பையும் அளக்க வேண்டும். நட்டவள், அறுத்தவள், குடம் சுமந்தவள் பெயர்களைக் கிராம சபையில் வாசித்து, அவரவர் கணக்கிலேயே பணம் போட வேண்டும். ஆயா இப்போது இல்லை. அவளிடம் கேட்ட கேள்வியை இன்னொருத்தியிடம் கேட்டால், "நிலத்துல வேலை செஞ்சது யாரு?" என்று நாம் திருப்பிக் கேட்போம்.