பீரோவில் தூங்கிய ரவிக்கைத் துணி!

நவராத்திரி வந்தாலே எனக்கு ஒரு பயம் வந்து ஒட்டிக் கொள்ளும். கொலு பார்க்க வரும் பெண்களுக்கு மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து விடலாம். கூடவே வரும் குட்டிகளுக்கு? எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் பென்சில் பாக்ஸ் கொடுத்தால், அடுத்த வீட்டில் டிபன் பாக்ஸ் கொடுப்பர். அப்படி ஒரு போட்டி!

சென்ற ஆண்டு, என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி விட்டனர். கையிலிருந்த பணம் ஸ்கூல் பீசுக்கே சரியாகி விட்டது. பழைய புடவையில் பொம்மை தைக்கலாம் என்றேன். 'நாள் கிழமையில பழசைக் குடுக்கக் கூடாதும்மா... வெச்சுக் கொடுத்த ரவிக்கைத் துணி பீரோல மூட்டையா கிடக்கே' என்றார் மாமியார். அதுவும் சரிதானே!

ஆனால், ஏழாவது படிக்கும் மகள், 'வீட்ல தைச்சதைக் குடுத்தா எல்லாரும் சிரிப்பாங்கம்மா' என்று அழுதே விட்டாள். நான் திட்டவில்லை, அந்த பயத்தைக் கற்றுக் கொடுத்ததே நான்தானே! 'முகம் மட்டும் நீ தைச்சுக் குடு. பிடிக்கலேன்னா குடுக்க வேணாம்' என்றேன்.

ஒரு சாண் உயர பொம்மை வடிவத்தை பேப்பரில் வரைந்து, காட்டன் துணியை இரண்டாக மடித்து வெட்ட வேண்டும். உள்பக்கம் வெளியே இருக்கும்படி ஓரத்தைத் தைத்து, இரண்டு விரல் நுழைய இடம் விட்டு, திருப்பி, இலவம் பஞ்சை அடைத்து மூடினால் போதும். கண், வாய் எல்லாம் நூலால்தான். பொத்தான், மணி கூடவே கூடாது. சின்னக் குழந்தை பிய்த்து வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக் கொள்ளும். வேலை முடிந்ததும் ஊசியை எண்ணி எடுத்து வையுங்கள். ஆறு வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு, துணியில் 14 வட்டம் தைத்து, 70 புளியங்கொட்டையை சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தால், மடித்து வைக்கும் பல்லாங்குழி ரெடி!

நாலு சாயங்காலத்தில் பத்து பொம்மை தயார். செலவு, நூலுக்கு மட்டும்தான்.

ஒரு அம்மா, 'ஓ... வீட்லயே தைச்சதா?' என்று இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். என் மனசு சுருங்கித்தான் போனது. அவருடைய குட்டிப் பெண்ணோ, வாய் கோணலான அந்த பொம்மையை வாங்கி இடுப்பில் வைத்துக் கொண்டு, 'இதுக்கு பேரு என்ன?' என்றாள். என் மகள் முந்திக் கொண்டு, 'நீயே பேர் வெச்சுக்கோ... மூஞ்சி நான்தான் தைச்சேன்' என்றாள். அழுத பெண்ணா இது என்றிருந்தது!

ஐந்து வயசுக் குழந்தைக்கு விலை தெரியாது. நாம்தான் தெரிய வைக்கிறோம். வசதி உள்ளவர்கள் வாங்கிக் கொடுக்கட்டும், தப்பில்லை. இல்லாதவர்கள், கடன் வாங்கியாவது ஈடு கொடுக்க வேண்டும் என்ற நிலைமையை உண்டாக்காமல் இருக்கலாமே!

இப்போது கணவருக்கு வேறு வேலை கிடைத்து விட்டது. ஆனாலும், இந்த வருஷத்துக்கான ரவிக்கைத் துணிகளை மகள் இப்போதே பொறுக்கி வைத்து விட்டாள். தோழியரே... உங்கள் பீரோவையும் கொஞ்சம் திறந்து பாருங்களேன்!

— ஒரு வாசகி, திருச்சி.